இரு குழு, ஒரு சிரிப்பு



அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டிருக்கும் நமக்கு ஓர் உண்மை நாள்தோறும் புலனாகி வருகிறது. சட்டத்தை மொழிபெயர்க்கலாம், சுற்றறிக்கையை மொழிபெயர்க்கலாம், ஓய்வூதிய விதிகளையும், எத்தனை முடிச்சுக்கள் இருப்பினும், ஒரு மொழியில் அவிழ்த்து மற்றொரு மொழியில் கட்டிவிடலாம். ஆனால் கிராமத்துக் கேலிப் பாட்டு ஒன்றை மொழிபெயர்க்கப் புகுந்தாலோ, சொற்கள் யாவும் வந்து சேரும். சிரிப்பு மட்டும் வந்து சேராது. மைத்துனன் மாமனைப் பழிப்பதிலும், கிழவி கணக்கப்பிள்ளையை மடக்குவதிலும் உள்ள சுவை, அவ்வூரையும் அவ்வுறவையும் அறிந்தவர்க்கே விளங்கும். அழுகையைப் பிற மொழியார் எளிதில் உணர்ந்துகொள்வர். நகைச்சுவையை உணர வேண்டுமானால், அந்த மொழியின் திண்ணையில் சிறிது காலம் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆகவே, தமிழகத்தை விட்டு விலகி வாழும் குடும்பங்களில், பிள்ளைகளிடமிருந்து முதலில் கழன்று போவது இந்தச் சிரிப்பேயாகும்.

இச்சிரிப்பைப் பாட்டாகவும் ஒலிப்பதிவாகவும் காத்து வைப்பது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள். குறிப்பாக, இரண்டு கிராமியப் பாட்டுக் குழுக்கள் ஒன்று கூடி நகைச்சுவைப் பாட்டுக்களைப் பதிவு செய்யும்போது எதனைப் பெறுகின்றன, எதனை இழக்கக் கூடும் என்பதைச் சற்று ஆராய்வோம்.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலில் வைத்தார். நகை பிறக்கும் இடங்களுள் எள்ளலையும் சேர்த்தார். எள்ளுவதற்கு ஒருவரும், எள்ளப்படுவதற்கு மற்றொருவரும் வேண்டுமன்றோ? தனியே அமர்ந்து ஒப்பாரி பாடலாம், தாலாட்டும் பாடலாம். தனியே அமர்ந்து கேலி பாடுவோரைக் காண்பது அரிது. நம் நாட்டுப்புறக் கலைகள் இந்நுட்பத்தை நன்கு அறிந்தவை.

தஞ்சை வட்டாரத்து லாவணியை எடுத்துக்கொள்வோம். காமன் பண்டிகையின்போது, சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா என்னும் வழக்கை இரு கட்சியார் பாட்டிலே வாதிடுவர். ஒன்று எரிந்த கட்சி. மற்றது எரியாத கட்சி. ஒரு கட்சியார் டேப்பைத் தட்டிக் கேள்வியை வீச, எதிர்க்கட்சியார் அப்போதே விடை கட்டிப் பாட வேண்டும். புராண ஞானமும் நாக்குத் துடுக்கும் ஒருங்கே வேண்டப்படும் கலை அது. வழக்கு இந்த ஆண்டு தீர்ந்துவிட்டால் அடுத்த ஆண்டு பண்டிகைக்கு வேலையில்லை. ஆகவே மன்மதன் ஆண்டுதோறும் எரிகிறான், ஆண்டுதோறும் தப்புகிறான்.

தென்பாண்டி நாட்டு வில்லுப்பாட்டிலோ ஒரே குழுவுக்குள் இரு தரப்பு உண்டு. நடுவில் அமர்ந்தவர் வில்லின் நாணை வீசுகோலால் அடித்துப் பாடுவார். குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவை உடன் முழங்கும். ஒரு புறத்தார் பாட, மறு புறத்தார் ஏற்றுப் பாடுவர். இடையிடையே ஆமாம் போடுபவர் ஒருவர் இருப்பார். அவர் வெறுமனே ஆமாம் போடுவதில்லை. கதை உயரத்தில் பறக்கும்போது ஒரு சாதாரணக் கேள்வியைக் கேட்டு அதைத் தரைக்கு இறக்குவது அவர் தொழில். கூட்டம் சிரிப்பது பெரும்பாலும் அவர் வாய் திறக்கும்போதுதான். ஆனால் விளம்பரத்தில் அவர் பெயர் இருப்பதில்லை.

இனி, திருவனந்தபுரம் மாவட்டத்து வித்துராவுக்கு வருவோம். தலைநகரிலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலை ஏறத் தொடங்கும் இடத்தில் அமைந்த ஊர் இது. கிழக்கே அகத்தியர்கூடம் 1,868 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அம்மலையைத் தாண்டினால் நம் திருநெல்வேலிச் சீமை. இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று இன்று இவ்வூர்ப் பகுதியில் இயங்குகிறது. வெளியூர் மாணவர் பலர் வந்து பயில்கின்றனர். மலையின் மடியிலோ காணி மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் பேச்சில் தமிழும் மலையாளமும் பின்னிக் கிடக்கும். ஊருக்கு மேலே போனக்காடு என்னும் தேயிலைத் தோட்டம். வெள்ளையர் காலத்தில் ஏற்பட்ட அத்தோட்டத்தின் லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. பின்னர்த் தொழிற்சாலை நின்று போயிற்று. ஊதியம் நிலுவையில் நின்றது. பலர் வேலை தேடி வெளியேறினர். லயம் காலியாகும்போது, தட்டுமுட்டுச் சாமான்களை மூட்டை கட்டுகிறார்கள். கொழுந்து பறிக்கும்போது கங்காணியைக் கேலி செய்து பாடிய பாட்டை எந்த மூட்டையில் கட்டுவது?

இவ்வட்டாரத்தின் சிறப்பு, இரு மொழிச் சிரிப்பு அருகருகே வாழ்வதாகும். 1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணையும் வரை, நாகர்கோவிலும் நெடுமங்காடும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தவை. வில்லுப்பாட்டு மலையாளத்தில் வில்லடிச்சான் பாட்டு என்ற பெயரோடு திருவனந்தபுரத்திலும் வழங்குகிறது. இரவிக்குட்டிப் பிள்ளையின் போரைச் சொல்லும் தெக்கன் பாட்டைக் கேட்பவர், இது தமிழா, மலையாளமா என்று சற்றுத் திகைப்பர். காக்காரிசி நாடகம் என்று ஒன்றும் இம்மாவட்டத்தில் உண்டு. அதில் சிவபெருமானும் பார்வதியும் நாடோடிக் காக்கானாகவும் காக்காத்தியாகவும் வருவர். அதிகாரத்தோடு தம்புரான் கேள்வி கேட்பார். காக்கான் ஏறுக்குமாறாக விடை சொல்லுவான். அந்த நாடகத்தின் மொழியும் தமிழும் மலையாளமும் கலந்ததே. இரு மொழியாரும் ஒரே பந்தலில் அமர்ந்து ஒரே இடத்தில் சிரிக்கும் பேறு, நாட்டில் எல்லா ஊர்களுக்கும் வாய்ப்பதன்று.

ஆகவே, எல்லைக்கு அப்பாலிருந்து ஒரு வில்லுப்பாட்டுக் குழுவும், இப்பாலிருந்து ஒரு காக்காரிசிக் குழுவும் வித்துராவில் கூடிச் சிரிப்புப் பாட்டுக்களைப் பதிவு செய்யுமானால் அது பொருத்தமான முயற்சியாகும் என்பது நம் கருத்து. ஆனால் இணைவது எளிது. இணைந்து நிலைப்பது அரிது. இதற்கு நூறாண்டுகளுக்கு முற்பட்ட அமெரிக்க அனுபவம் ஒன்று நமக்குப் பாடமாக உள்ளது.

அமெரிக்காவின் தென் பகுதியில் ஜார்ஜியா என்ற மாநிலம் உள்ளது. நம் கிராமங்களைப் போன்றே பிடிலும் பாட்டும் மலிந்த நாட்டுப்புறம். அங்கே கிட் டானர் என்பவர் கோழிப் பண்ணை வைத்திருந்தார்; பிடில் வாசிப்பார்; கோமாளித்தனம் செய்து பாடுவார். கண்பார்வையற்ற ரைலி பக்கெட் கிதார் வாசித்து உடன் பாடுவார். அதே வட்டாரத்தில் கிளேட்டன் மெக்மிச்சன் என்ற இளைஞர் வேறொரு குழுவை நடத்தினார், பிடிலில் வல்லவர், புதுமை நாட்டமுடையவர். கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனியைச் சேர்ந்த பிராங்க் வாக்கர், இவ்விரு தரப்பாரையும் 1926ஆம் ஆண்டு அட்லாண்டா நகரில் ஒன்று சேர்த்துப் பதிவு செய்தார். பாஞ்சோ வாசிக்கும் ஃபேட் நாரிஸும் உடன் சேர்ந்தார். குழுவுக்கு வாய்த்த பெயர் ஸ்கில்லட் லிக்கர்ஸ். வாணலியை வழித்து நக்குவோர் என்று அதற்குப் பொருள் கூறலாம். பெயரிலேயே நையாண்டி தெரிகிறதன்றோ?

அக்காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே பதிவு செய்ய முடியும். கிராமத்துக் கேலி மூன்று நிமிடத்தில் அடங்குமா? இக்குழுவினர் ஓர் உபாயம் கண்டனர். பாட்டை மட்டும் பாடாமல், பாட்டுக்கு நடுவே தாங்கள் பேசிக்கொள்வதையும் பதிவு செய்தனர். அந்நாளில் அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்தது. மலைக்காட்டில் திருட்டுச் சாராயம் காய்ச்சுவோர் கூடிப் பிடில் வாசிப்பதும், வம்பளப்பதும், அதிகாரிகளுக்கு அஞ்சுவதுமாக ஒரு வேடிக்கைக் கதை உருவாயிற்று. 1927 முதல் 1930 வரை அது பதினான்கு பகுதிகளாக ஏழு தட்டுக்களில் வெளிவந்தது. நாட்டுப்புற மக்கள் அதனை விரும்பி வாங்கினர். காரணம் வெளிப்படை. ஒருவரை ஒருவர் மடக்கும் குரல்கள் அதில் இருந்தன; தங்கள் ஊர்ச் சந்தியில் கேட்ட பேச்சு அப்படியே இருந்தது. இரு குழுவின் வேறுபாட்டை அழிக்காமல், அவ்வேறுபாட்டையே சரக்காக்கியது அவர்கள் வெற்றி.

முறிவும் அங்கிருந்தே வந்தது. தட்டின் முகப்பில் எவர் பெயர் முதலில் வருவது என்பதில் மனத்தாங்கல் இருந்தது. டானர் பெயரைப் பெரிதாகவும், பக்கெட், மெக்மிச்சன் பெயர்களை அதன் பின்னும் அச்சிட்டனர். மெக்மிச்சனுக்கு நாகரிக இசையில் நாட்டம். டானருக்குப் பழைய கரடுமுரடான வாசிப்பே உயிர். பழைய வேடிக்கையைத்தான் தட்டு வாங்குவோர் கேட்டனர். புதுமையை விரும்பியவர் எத்தனை நாள் கோமாளிக்குத் துணை நிற்பார்? 1931ஆம் ஆண்டோடு அக்கூட்டணி கலைந்தது. 1934இல் டானர் மீண்டும் பதிவு செய்தபோது மெக்மிச்சன் உடன் இல்லை. கேட்டவர்கள் சிரித்துக்கொண்டிருந்த காலத்திலேயே பாடியவர்கள் பிணங்கிக்கொண்டிருந்தனர்.

நம் நாட்டிலும் கிராமத்துச் சிரிப்பு இசைத்தட்டிலும் திரையிலும் ஏறியது. அதனை ஏற்றியவருள் தலையாயவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். 1908இல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்த அவர், வில்லுப்பாட்டுச் சூழலில் வளர்ந்தவர். 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ திரைப்படத்தில் அவர் நிகழ்த்திய கிந்தனார் காலட்சேபம், கல்வி பெறத் துடிக்கும் ஏழைச் சிறுவனின் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லி, சாதிக் கொடுமையைச் சாடியது. அவர் ஒருபோதும் தனியே சிரிப்பு மூட்டியவரல்லர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். டி. ஏ. மதுரம் எதிரே நின்று ஏற்றும் இடக்கும் மடக்கும் செய்ததால்தான் அவர் கேலி வேலை செய்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து அவர் சென்னைக்கு அழைத்து வந்த சுப்பு ஆறுமுகம், வில்லுப்பாட்டைத் தம் வாழ்நாள் முழுதும் மேடைகளிலும் வானொலியிலும் முழக்கினார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022இல் தம் 94ஆம் வயதில் மறைந்தார். அவர் மகளார் பாரதி திருமகன் அக்கலையைத் தொடர்ந்து நடத்தி வருகிறார்.

வானொலியும் இதில் தன் பங்கைச் செய்தது. திருவாங்கூர் அரசினரால் 1943இல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் நிலையம் 1950இல் அகில இந்திய வானொலியோடு இணைந்தது. நாகர்கோவிலில் 1984இல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் அமைந்தது. மூன்று நிமிடத் தட்டுக்கு அடங்காத கிராமியப் பாட்டு, வானொலியில் அரை மணி நேரம் கால் நீட்டி அமர முடிந்தது.

இன்று நேரத்துக்குப் பஞ்சமில்லை. சட்டைப் பையிலுள்ள கைப்பேசி ஓர் இரவு முழுவதையும் பதிவு செய்யும். எனினும் விந்தை பாருங்கள்: பதிவுக் கருவி நீண்டுவிட்டது, கேட்பவர் பொறுமை குறுகிவிட்டது. அன்றைய தட்டு மூன்று நிமிடம் தந்தது. இன்று சுற்றுக்கு வரும் காட்சித் துண்டு அரை நிமிடத்தில் முடிகிறது. அதில் இடம் பெறுவது முதற்குரல் மட்டுமே. ஏற்றுப் பாடுபவர் வெட்டுண்டு போகிறார். கேள்வி இல்லாமல் விடை மட்டும் கேட்கிறது. அல்லது விடை வருமுன் துண்டு முடிகிறது. சிரிப்பு எங்கே பிறக்கிறது என்பதை அறியாத கத்தரிக்கோல் செய்யும் வேலை இது.

இது வெளி மாநிலத் தமிழரைத் தனியே பாதிக்கிறது. திருநெல்வேலியில் இருப்பவர் துண்டைக் கேட்டாலும், மறு பாதியைக் கோயில் கொடையில் கேட்டு நிரப்பிக்கொள்வார். தாராவியிலோ, தில்லியிலோ, கொல்கத்தாவிலோ வளரும் பிள்ளைக்கு அத்துண்டே முழுக் கலை. பாட்டி சிரிக்கிறாள், பேரன் எதற்கென்று கேட்கிறான், பாட்டி விளக்க முயன்று, முடியாமல், ‘உனக்குப் புரியாது, போ’ என்கிறாள். அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு தலைமுறையின் சொத்துக் கணக்கு மூடப்படுகிறது. பாட்டியின் மீது குற்றமில்லை. அவளுக்கு ஏற்றுப் பாட எதிரே ஆள் இல்லை.

ஆகவே, இரு குழுக்கள் கூடிப் பதிவு செய்யும் முயற்சியை எவரேனும் மேற்கொள்வராயின், சில செய்திகளை மனத்திற்கொள்ள வேண்டுகிறோம்.

முதலாவது, இரண்டு குழுவையும் இரண்டாகவே வைத்திருக்க வேண்டும். வில்லும் குடமும் ஒரு புறம், காக்காரிசியின் கஞ்சிராவும் தாளமும் மறு புறம் என்று எதிரெதிரே அமர்த்தலாம். எல்லாரையும் ஒரே சுருதியில் ஒரே குரலாகப் பாடச் செய்தால் பாட்டு இனிமையாகலாம்; வழக்கு இராது; வழக்கில்லாத இடத்தில் கேலியும் இராது.

இரண்டாவது, பெயரும் பணமும் முன்னரே தீர்மானிக்கப்பட வேண்டும். ஜார்ஜியாக் குழுவின் பாடம் இதுவே. குடம் அடிப்பவர், ஆமாம் போடுபவர் உட்பட அனைவர் பெயரும் வெளியிடப்பட வேண்டும். வரும்படியில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்பது எழுத்திலேயே இருக்க வேண்டும்.

மூன்றாவது, கேட்போரையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். மூடிய அறையில் பாடினால் ஒலி தூய்மையாக இருக்கும். ஆனால் கூட்டம் சிரித்த பின்னரே அடுத்த அடியை எடுப்பது கிராமியக் கலைஞரின் பழக்கம். கூட்டம் இல்லையேல் எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியாது. முன்வரிசைக் கிழவரின் இருமலும் அப்பதிவில் இருக்கட்டும்.

நான்காவது, எதைப் பாடுவது என்பதில் விவேகம் வேண்டும். காணி மக்கள் நோய் தீரக் கொக்கரை என்னும் இரும்புக் கருவியை உரசிப் பாடும் சாற்றுப் பாட்டு வழிபாட்டைச் சேர்ந்தது. அதனை வேடிக்கைப் பட்டியலில் சேர்த்தல் தகாது. பழைய கேலிப் பாட்டுக்கள் சிலவற்றில் சாதியையும், உடற்குறையையும், விதவையையும் எள்ளும் அடிகள் உள்ளன. ஆய்வுக்காக அவற்றை எழுதி வைக்கலாம். மேடையில் மீண்டும் பாடி ஒருவரைத் தலைகுனியச் செய்ய வேண்டியதில்லை. கணக்கப்பிள்ளை, கங்காணி, தம்புரான், அவர்களோடு நம் போன்ற அலுவலக மாந்தர் ஆகியோரை எள்ளுவதற்கு எத்தனையோ பாட்டுக்கள் உள்ளன. எளியவர் வலியவரைப் பார்த்துச் சிரிப்பதே இக்கலையின் வலிமை. காக்கான் தம்புரானை மடக்கும்போது பந்தல் அதிர்வது அதனால்தான்.

ஐந்தாவது, ஒவ்வொரு பாட்டுக்கும் பொருட்குறிப்பு எழுதி உடன் சேர்க்க வேண்டும். இன்ன சொல்லுக்கு இன்ன பொருள், இன்ன உறவில் இந்தக் கேலி செல்லும் என்னும் விளக்கம் இருந்தால், பேரன் தானே படித்துக்கொண்டு பாட்டியோடு சேர்ந்து சிரிப்பான். ஓரிரு நொடி தாமதமாகச் சிரிக்கலாம், அதனால் குறைவில்லை.

நேயர்களே, உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கங்களும் கோயில் குழுக்களும் ஆண்டு விழாவுக்குக் கலைஞரை அழைக்கின்றன. அடுத்த முறை ஒரு பெரிய குழுவுக்குச் செலவிடும் தொகையில், இரண்டு சிறிய குழுக்களை அழைத்துப் பாருங்கள். ஒன்று தமிழகத்ததாகவும், மற்றொன்று நீங்கள் வாழும் மாநிலத்ததாகவும் இருக்கலாம். லாவணி மராட்டியத்திலும் உண்டு. கேள்வியும் விடையுமாகப் பாடும் கவிகானம் வங்காளத்தில் உண்டு. எதிரெதிரே அமர்த்துங்கள், முழுவதையும் பதிவு செய்யுங்கள். போனக்காடு போன்ற இடங்களிலிருந்து உங்கள் ஊருக்கு வந்து குடியேறிய முதியவர் எவரேனும் இருப்பின், அவரைத் தனியே அமர்த்திப் பாடச் சொல்லாதீர்கள். தனியே அமர்த்தினால் மறந்துவிட்டது என்பார். எதிரே ஒருவரை அமர்த்திக் கங்காணியின் பக்கம் பேசச் சொல்லுங்கள். மறந்த பாட்டெல்லாம் சண்டைக்கு வரும்.